அன்று தரை ஆடியது

இன்று காலை தச்சர் வந்திருந்தார். புத்தகங்களும் பெட்டிகளும் வைக்கப் பின்னறையில் ஒரு பலகை அடிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வரச் சொல்லியிருந்தார். தச்சர் உள்ளே வந்ததும் நேராகப் போய், குழந்தையின் கட்டிலுக்கு மேலே இருந்த சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இங்க அடிச்சிரலாம்மா. தோதா இருக்கும்."

"அங்கே வேண்டாம். எதிர்ச் சுவரில் அடிங்க."

"இந்தச் செவுருதாம்மா கெட்டியா கீது."

"இருக்கட்டும். பிள்ளை தலைக்கு மேலே எதுவும் வேண்டாம்."

அவர் சிரித்தார். "இன்னாம்மா, திருப்போரூர்ல பூகம்பமா வரப்போவுது?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அடுக்களைக்குப் போய் வேலை இருப்பதுபோல் நின்றேன். எதிர்ச் சுவரில், இடுப்பு உயரத்தில் பலகையை அடித்துவிட்டு அவர் போன பிறகும் அறை முழுக்க அறுத்த மரத்தின் வாசனை இருந்தது. பையன் தூங்குகிறான். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ இருந்தபோதே உனக்கு நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. கடப்பாக்கத்தில் உன்னைப் பார்த்த அன்று பாதியைச் சொன்னேன். மீதியைச் சொல்லத் துணியவில்லை.

நீ எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். "செங்கல்பட்டுக்காரங்க. ரொம்ப நாள் வடக்கே இருந்தவங்க," என்று சொல்லி ஹெட்மாஸ்டர் உன்னை அறிமுகப்படுத்தினார். கணவரை இழந்தவள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உனக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு இரண்டாம் வகுப்பு. நடுவே ஒரு மூங்கில் தட்டி. நீ பேசுவது எனக்குக் கேட்கும், நான் அதட்டுவது உனக்குக் கேட்கும்.

வகுப்புக்குள் நுழையும் முன் நீ கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய். ஜன்னல் ஓரத்தில் இருந்த வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தாய்.

"இது எப்ப விட்டுச்சு?"

"நான் வந்தப்பவே இருந்துச்சே."

"அப்பவும் இவ்வளவு அகலமா?"

நான் அதற்கு முன் அந்த வெடிப்பைப் பார்த்ததே இல்லை. மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தை வெடிப்பின் குறுக்கே சோற்றுப் பசையால் ஒட்டி, அதன்மேல் தேதி எழுதினாய். "கிழிஞ்சா, சுவர் விரியுதுன்னு அர்த்தம்," என்றாய். ஐப்பசி மழையில் அது நடுவே கிழிந்தபோது ஹெட்மாஸ்டர் பிள்ளைகளின் வேலை என்று நினைத்து இரண்டு பேரைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார். நீ போய்ச் சொல்லி இறக்கிவிட்டாய். சுவரைப் பற்றி நீ சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் எரிமலைப் பாடம் நடந்தது. நீ கரும்பலகையில் மலை வரையும் சத்தம் கேட்டது. பூமிக்கு உள்ளே பாறையே உருகிக் கிடப்பதையும், அது பிளவு கண்ட இடத்தில் பீறிட்டு வருவதையும், வெடிக்கும் முன் சில மலைகள் புகைவதையும் உறுமுவதையும் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், நம்ம பிரணவ மலை வெடிக்குமா?"

"வெடிக்காது. அது சும்மா பாறை. மேலே சாமி இருக்காரு, கீழே ஆடு மேயுது, அவ்வளவுதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் விடவில்லை. "அப்ப பூகம்பம் வருமா டீச்சர்?"

நீ சாக்குக்கட்டியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய்: "வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா என்ன பண்ணணும்னு சொல்லித் தரேன்."

அப்படித்தான் அந்தப் பழக்கம் ஆரம்பமானது. மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை மூன்று மூன்று தடவையாக விட்டு விட்டு அடித்தால் உன் வகுப்பு எழுந்துவிடும். பையை எடுக்கக் கூடாது. சிலேட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். கதவோரத்தில் இருப்பவர்கள் முதலில், பின்னால் இருப்பவர்கள் கடைசியில். ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, சுவரோரம் நிற்கக் கூடாது. மைதானத்தின் நடுவில் போய் உட்கார்ந்ததும் நீ தலையை எண்ணுவாய். வாரம் ஒருநாள், மதிய இடைவேளைக்குச் சற்று முன். மற்ற ஆசிரியர்கள் உனக்குப் பூகம்ப டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். நீ என்னையும் அழைத்தாய். "உன் கிளாஸையும் சேத்துக்கலாம். தட்டியை நவுத்தினா ரெண்டு நிமிஷ வேலை," என்றாய். எனக்குச் சங்கடமாக இருந்தது. வாய்ப்பாடு முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னேன்.

கார்த்திகை தீபம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாய். பையனுக்கு அப்போது நான்கு மாதம். தூளியில் கிடந்தான். தூளிக்கு ஒரு முழம் தள்ளி என் கல்யாணச் சீராக வந்த மர பீரோ. நீ உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றாய். பீரோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய்: "இதை நவுத்தலாமா?"

நீயும் நானும் தோளைக் கொடுத்துத் தள்ளி மூலைக்குக் கொண்டுபோனோம். உனக்கு மூச்சு வாங்கியது. அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாய், பேசினாய்.

"அஸ்ஸாம்ல தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல அவருக்கு வேலை. அந்தப் பக்கம் தரை அப்பப்ப லேசா ஆடும். முதல் தடவை குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். ரெண்டாவது தடவையும் ஓடினேன். அப்புறம் பழகிப்போச்சு. தோட்டத்து ஆளுங்க இருக்கிறது மூங்கில் வீடு. விழுந்தாக்கூட பெரிசா ஒண்ணும் ஆகாது. அவங்க ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து நிப்பாங்க. நாங்க செங்கல் வீட்டுல உக்காந்துக்கிட்டு அவங்களைப் பாத்துச் சிரிப்போம்."

தூளியை மெல்ல ஆட்டிவிட்டு மேலே சொன்னாய்.

"அன்னிக்குச் சுதந்திர நாள். ஆபீஸ்ல கொடியேத்தி மிட்டாய் குடுத்தாங்க. பையனுக்கு அஞ்சு வயசு. வெயில்ல ஆடிட்டு வந்து லேசாக் காய்ச்சல். பொழுது சாய்ஞ்சதுமே படுக்கவச்சேன். 'அம்மா, கட்டில் ஆடுது'ன்னான். 'ஒண்ணுமில்லடா, தூங்கு'ன்னுட்டு அடுப்பைப் பாக்கப் பின்னாடி கொட்டகைக்குப் போயிட்டேன். நெசமாவே ஆடிச்சா, காய்ச்சல்ல சொன்னானா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்துல வந்துச்சு. நிக்க முடியல. தவழ்ந்து போனேன். வீடு நின்னுச்சு. பீரோ நிக்கல."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ அழவில்லை. மழைக் காலத்தில், அந்தப் பூகம்பம் நடந்த சில நாட்களில், ஆறு வற்றியதைச் சொன்னாய். மலை சரிந்து மேலே எங்கோ ஆற்றை அடைத்திருந்தது. அது தெரியாமல் கீழே ஜனங்கள் மணலில் இறங்கி மீன் பிடித்தார்கள். ஊருக்குத் திரும்ப வழி பார்க்கப் போன உன் கணவரும் வற்றின ஆற்றைக் கடக்க இறங்கியவர்களில் ஒருவர். அடைப்பு உடைந்து மொத்தத் தண்ணீரும் வந்தது.

"கோழி கத்தும், நாய் ஊளையிடும்னு ஆயிரம் சொல்வாங்க. எங்க வீட்டு நாய் அன்னிக்கு வாசல்ல நிம்மதியாத் தூங்கிச்சு. அதையெல்லாம் நம்பி உக்காந்திருக்க முடியாது. ஆனா கொட்டுற மழையில ஆறு வத்துச்சு பாரு, அது நேரா சொன்ன சேதி. எங்களுக்குத்தான் கேக்கத் தெரியல."

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "இதை யார்கிட்டயும் சொல்லாதே. பாவம்னு பாப்பாங்க. என்னால தாங்க முடியாது," என்றாய். சொல்ல மாட்டேன் என்றேன்.

மாசி மாதத்தில் டெபுடி இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பார்வையிட வந்தார். காலை பத்தரை மணி இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். காற்றுக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார். அப்போது பாரம் ஏற்றிய வண்டி ஒன்று தரைக்கு அடியில் உருண்டு போவது போல ஒரு சத்தம். ஸ்டாண்டில் இருந்த என் கரும்பலகை கடகடவென்று ஆடியது. மேசைமேல் இருந்த சாக்குக்கட்டி உருண்டு கீழே விழுந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. மொத்தம் நான்கைந்து நொடி.

உடனே மணி. மூன்று, மூன்று.

உன் வகுப்பு எழுந்த சத்தம் கேட்டது. சிலேட்டுகள் தலைக்கு ஏறும் சத்தம் கேட்டது. என் பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குப் பாய்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் வெறுங்காலுடன் ஓடினார். நான் என்ன செய்தேன் என்பதை நீ பார்த்திருக்க முடியாது. நான் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடினேன். வாசலில் நின்று ஒவ்வொருவராக விடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மைதானத்துக்கு வந்த பிறகுதான் பின்னால் வள்ளியின் அலறல் கேட்டது. படியில் விழுந்தவளை மற்றவர்கள் மிதித்து வந்துவிட்டார்கள். இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

உன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. எல்லாரும் சிலேட்டைக் கவிழ்த்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். நீ எண்ணி முடித்துவிட்டு வள்ளியிடம் ஓடினாய். உன் முந்தானையைக் கிழித்து, அடிக்கோலை வைத்துக் கையைக் கட்டினாய்.

கட்டடம் அப்படியே நின்றது. ஒரு ஓடுகூட விழவில்லை. வெளியே கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் இன்ஸ்பெக்டரின் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைக்க, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. "எங்கே பூகம்பம்?" என்று கேட்டார். குவாரியில் பாறைக்கு வெடி வைத்திருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

"வெடி இல்ல சார்," என்றாய் நீ. "வெடின்னா காதுக்குக் கேக்கும். இது காலுக்குக் கேட்டுச்சு."

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த வள்ளியின் அப்பா ஓடிவந்தார். பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "இன்னா டீச்சரு நீ? ஒண்ணுமே இல்லாததுக்கு மணி அடிச்சிகினு கீறே! எம் புள்ள கைய ஒடச்சிட்டியே! இனிமே அது எப்படிப் பூ கட்டும்?" நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய். அவள் என் வகுப்புப் பிள்ளை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மாலை ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதம்தான் காகிதங்கள் போக வேண்டும். அதே இன்ஸ்பெக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"நீங்க பக்கத்து வகுப்பு. தரை ஆடினது உங்களுக்குத் தெரிஞ்சதா?"

"இல்ல சார். மணிச் சத்தம் கேட்டுத்தான் ஓடினோம்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அதோடும் நிற்கவில்லை. உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "அவங்களைக் கோவிச்சுக்காதீங்க சார். பாவம், பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவங்க," என்று ஆரம்பித்தேன். பீரோ, ஆறு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்குப் படித்துக் காட்டினார். துக்கத்தால் மனநிலை பாதிக்கப்பட்டவர், இல்லாத ஆபத்தை இருப்பதாக எண்ணிப் பிள்ளைகளைக் கலவரப்படுத்துகிறார், பெரிய பள்ளிக்கு ஏற்றவர் அல்லர் என்று இருந்தது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

இனி எழுதப்போவதுதான் உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது. மூன்றாம் நாள் காலை பஸ் நிறுத்தத்தில் செங்கல்பட்டு பஸ்ஸின் கண்டக்டர் டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்னிக்குப் பத்தரை மணி இருக்கும்பா. செங்கல்பட்டுல எங்க வூட்ல பாத்திரம் பண்டம்லாம் கலகலன்னுச்சி. எங்கம்மா வெளில ஓடியாந்துட்டாங்க. எங்க தெருவே வாசல்ல நின்னுகினு இருந்துச்சி." செங்கல்பட்டு எங்கே, திருப்போரூர் குவாரி எங்கே? குவாரி வெடி அவ்வளவு தூரம் போகாது. நீ சொன்னதுதான் சரி. தரைதான் ஆடியது.

அன்று மாலையே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் புறப்பட்டேன். தெருமுனை வரை போனேன். காகிதம் ஏற்கெனவே போய்விட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டு வாரத்தில் உனக்குக் கடப்பாக்கத்துக்கு மாற்றல் வந்தது. ஒரே ஆசிரியர் உள்ள கொட்டகைப் பள்ளி. புறப்படும்போது என் வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அன்னிக்கு உன் கிளாஸ்ல ஒண்ணும் தெரியலையா? கரும்பலகை, மேசை, எதுவும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிருக்கு," என்று உனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாய். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாய்.

எனக்கு வேலை நிரந்தரமானது. வள்ளியின் கை கூடியது, லேசாகக் கோணலாக. அவள் பூ கட்டுகிறாள்.

மறுவருடம் பங்குனியில்தான் உன்னைப் பார்க்க வந்தேன். மதுராந்தகம் போய், செய்யூர் வழியாக இன்னொரு பஸ் பிடித்து, மீதி தூரம் மணலில் நடந்து வந்தேன். வழி கேட்ட இடத்தில் செங்கேணி அகப்பட்டாள். மீன்கூடையோடு நின்றிருந்தாள்.

"எங்க டீச்சரம்மாவைப் பாக்கவா? வாம்மா, நானே இட்டாறேன். நீயும் டீச்சரா? இப்பப் பாரு, மணி அடிக்கிற நேரம்."

அவள் சொல்லி முடிக்கும் முன் மணி அடித்தது. மூன்று, மூன்று. எனக்குக் கால் நின்றுவிட்டது. கொட்டகையிலிருந்து முப்பது பிள்ளைகள் வரிசையாக வந்து, மேட்டில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் போனார்கள். சிரிப்பு வந்தது எனக்கு, அவர்களுக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்களும் இடுப்பில் குழந்தையோடு போவதைப் பார்த்து.

"நீங்களும் ஏன் போறீங்க?" என்று கேட்டேன்.

"போனா இன்னா? நாங்க கடலை நம்பிகினு கீறவங்க. ஓடுறதுல இன்னாம்மா வெக்கம்? ஒண்ணும் வரலன்னா திரும்பி வந்து கஞ்சி குடிக்கப் போறோம். கடலு திடீர்னு உள்ள வாங்கினா நண்டு பொறுக்க எறங்கக் கூடாது, மேட்டுக்குப் போயிரணும்னு டீச்சரம்மா சொல்லிகீறாங்க. அவுங்க ஆத்துல பாத்தவங்களாமே."

திருப்போரூரில் என்னைத் தவிர நீ யாரிடமும் சொல்லாததை இங்கே ஊருக்கே சொல்லியிருந்தாய்.

நீ இளைத்திருந்தாய். வெயிலில் கறுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் பையனைப் பற்றி, பல் முளைத்ததைப் பற்றிக் கேட்டாய். பிள்ளைகள் போன பிறகு இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்தோம். நான் பேச ஆரம்பித்ததும் கையமர்த்தினாய்.

"எனக்குத் தெரியும்டி. எங்க அண்ணனுக்கு வேண்டியவர் ஒருத்தர் ஆபீஸ்ல அந்த ரிப்போர்ட்டைப் பாத்திருக்கார். பீரோ வரைக்கும் அதுல இருக்குன்னா நீதான் சொல்லியிருக்கணும்."

"உன்னைக் காப்பாத்தலாம்னு நெனச்சு..."

"அது இருக்கட்டும். அதெல்லாம் நெசந்தானே, எழுதினா எழுதிட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு." நீ என் பக்கம் திரும்பினாய். "உன் கரும்பலகை ஆடிச்சா, இல்லையா?"

"ஆடிச்சு."

"நெசமா?"

"ஆடிச்சு. சாக்குக்கட்டி உருண்டு விழுந்துச்சு. தூசி கொட்டிச்சு. சத்தமும் கேட்டுச்சு."

நீ முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாய். உன் பிள்ளை போன கதையைச் சொன்னபோதுகூட அழாத நீ, தோள் குலுங்க அழுதாய். நான் உன்னைத் தொடத் துணியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

"ஒரு வருஷமா எனக்கே என்மேல நம்பிக்கை இல்லடி. இங்க காத்துல கொட்டகை கிறீச்சிட்டாக்கூட, இது நெசமா, என் மூளையான்னு பாப்பேன். ராத்திரி அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை எழுந்து பாப்பேன். பைத்தியம் பிடிச்சவ பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தரலாமான்னு வேலையை விட நெனச்சேன். இந்த ஜனங்கதான் விடல."

அந்த நேரத்தில் கண்டக்டர் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாளே எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ வாசலில் நின்று கேட்டபோது, செங்கல்பட்டே ஆடியது என்ற சேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் 'ஒண்ணும் தெரியலையே' என்றேன். அதைச் சொன்னால் நீ என்னை எழுந்து போகச் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். சொல்லவில்லை.

நீ என்னைப் போகச் சொல்லவில்லை. சோறு வடித்துப் போட்டாய். பஸ்ஸுக்கு நேரமானதும் மணலில் என்னோடு பாதித் தூரம் வந்தாய். நடந்துகொண்டே உன் பிள்ளையைப் பற்றிப் பேசினாய். அவன் எப்படி இறந்தான் என்பதை விட்டுவிட்டு, எப்படி இருந்தான் என்று முதல் தடவையாகச் சொன்னாய். இடதுகையால் சாப்பிடுவான், மழையில் நின்று வாயைத் திறந்துகொள்வான், தோட்டத்துப் பிள்ளைகளின் பாஷை அவனுக்குத் தமிழைவிட நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வைத்திருந்த பெயர் ஒன்று. நீயும் அவரும் வீட்டில் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. அந்த இரண்டாவது பெயரை எனக்குச் சொன்னாய். "அவரும் போனப்புறம் இதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்ல," என்றாய். இன்னொரு தடவை சொன்னாய். யார்கிட்டயும் சொல்லாதே என்று இந்தத் தடவை நீ சொல்லவில்லை.

ஐப்பசியில் உனக்கு மஞ்சள்காமாலை கண்டது. மழையில் ரோடு துண்டாகிக் கிடந்தது. செங்கேணியும் அவள் வீட்டு ஆண்களும் உன்னை வண்டியில் போட்டு, வண்டி போகாத இடத்தில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு நாள் இருந்தாய். எனக்குத் தந்தி வந்து நான் உன் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கடப்பாக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். செங்கேணி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கெளம்புறதுக்கு முன்னாடி கூட புள்ளைங்களுக்கு மணி அடிக்கச் சொல்லிக் குடுத்துட்டுத்தாம்மா வந்துச்சி. யாராவது ஒர்த்தி அடிச்சிகினு இருங்கன்னுச்சி."

காரியம் முடிந்த மறுநாள் நான் ஹெட்மாஸ்டரிடம் போனேன். தரை ஆடியது, எனக்குத் தெரியும், செங்கல்பட்டிலும் ஆடியது, நான் பொய் சொன்னேன், வள்ளி விழுந்தது என் தவறு என்று நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அவங்களே போயிட்டாங்க," என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேலே அனுப்பினாரா, மேசை டிராயரில் போட்டாரா, தெரியாது. ஜன்னல் ஓரச் சுவரை மட்டும் கோடை விடுமுறையில் இடித்துக் கட்டினார்கள்.

பிறகு உனக்குப் பூகம்ப டீச்சர் என்று பெயர் வைத்தவர்களில் ஒருவர், உன் பேச்சு வந்தபோது என்னிடம் கேட்டார்: "அந்தப் பையன் பேர் என்னவாம்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தெரியாது என்றேன். உனக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தில்கூட அந்தப் பெயரை எழுதவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது, மாதத்தில் ஒருநாள், மறந்துவிடக் கூடாதே என்று ஒரு தடவை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.